‘டார்க் சைட் ஆஃப் த மூன்’: மேடையில் உருவானதா, ஸ்டூடியோவில் உருவானதா?

வட்டத்தட்டு:
பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பம் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோ, ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், 16 ட்ராக் (ஒரே நாடாவில் பக்கம்பக்கமாக 16 தனிப் பதிவு) என்று ஸ்டூடியோ புராணம்தான் ஓடுகிறது. இசைத்தட்டு வெளிவந்தது 1973 மார்ச்சில். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்னாலேயே, 1972 ஜனவரி 20 அன்று, பிரைட்டன் டோம் அரங்கில் இதை மேடையேற்றிவிட்டார்கள். அப்படியானால் ஸ்டூடியோவில் புதிதாக நடந்தது என்ன? இது முதல் கேள்வி. இரண்டாவது, ‘மணி’ பாட்டின் தொடக்கத்தில் வரும் சில்லறைச் சத்த லூப்பை (முனையோடு முனை ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடும் நாடா வளையம்) டேப்பில் எப்படி வெட்டி ஒட்டினார்கள்? எல்லாரும் “டேப்பை வெட்டி ஒட்டினார்கள்” என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அளவு வேண்டும். மூன்றாவது, இத்தனை பதிப்புகளில் எதை வாங்குவது?

ஒலிநாடா:
என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மேடையில் சமைத்த ஆல்பம். ஸ்டூடியோவில் பரிமாறினார்கள்.

பிரைட்டனில் முழுதாக வாசிக்க முடியவில்லை. தொழில்நுட்பக் கோளாறால் ‘மணி’யின்போது நிறுத்திவிட்டு வேறு பாட்டுக்குப் போனார்கள். அடுத்த மாதம் லண்டன் ரெயின்போ தியேட்டரில் பத்திரிகைக்காரர்களை அழைத்து வாசித்தபோது வரிசை ஏறக்குறைய இன்றைக்கு நாம் கேட்கும் வரிசைதான். அந்தக் கச்சேரியின் திருட்டுப் பதிவு, அசல் தட்டு வருமுன்பே கடைகளில் ஓடியது. இறுதிப் பாட்டான ‘எக்லிப்ஸ்’ முதலில் கிடையாது. வாசித்துப் பார்த்த பிறகு, முடிவு முடிவாக இல்லை என்று தெரிந்துதான் குழுவின் பாஸ் கிடார்காரர் ரோஜர் வாட்டர்ஸ் எழுதிச் சேர்த்தார். ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

பெயரில்கூட ஒரு சுற்று இருக்கிறது. மெடிசின் ஹெட் என்ற குழு அதே பெயரில் 1972இல் ஒரு ஆல்பம் போட்டதால், இவர்கள் தங்கள் தொகுப்பை ‘எக்லிப்ஸ்’ என்று மாற்றி அழைத்தார்கள். அந்தத் தட்டு விலைபோகவில்லை என்றதும் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள்.

பதிவு தொடங்கியது 1972 மே கடைசியில். முடிந்தது 1973 தொடக்கத்தில். நடுவில் அமெரிக்கச் சுற்றுப்பயணம், ஐரோப்பியக் கச்சேரிகள். தொடர்ந்து உட்கார்ந்து செய்த வேலை இல்லை.

மிஸ்ரசாப்பு:
லூப் கணக்கை நான் சொல்கிறேன்.

வேகத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் என்று வையுங்கள், அதாவது 38.1 செ.மீ. நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி. ஆக ஒரு தட்டு என்பது 7.5 அங்குல நாடா, சுமார் 19 செ.மீ. ‘மணி’ 7/4 தாளம். ஏழு சத்தம், ஏழு துண்டு, மொத்தம் 52.5 அங்குலம். பாட்டின் வேகம் இதைவிடக் கொஞ்சம் கூட; அதற்கேற்ப ஒவ்வொரு துண்டும் சில மில்லிமீட்டர் குறையும். ஸ்கேல் வைத்து அளந்து வெட்டியதாகச் சொல்வது இதைத்தான். தாளத்தை நீளமாக மாற்றிவிட்டார்கள்.

வெட்டும் இடத்தில்தான் சூட்சுமம். சத்தம் எழும் முதல் நொடித்துளி துண்டின் தொடக்க ஓரத்தில் சரியாக உட்கார வேண்டும். ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, பிளேபேக் ஹெட்டின் (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் முனை) நடுவில் அந்த “டக்” எங்கே வருகிறது என்று காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் டேப்பின் பின்புறம் குறி போடுவார்கள். 2 மி.மீ. தவறினால் 5 மில்லிவிநாடி தவறும். அது பரவாயில்லை. 1 செ.மீ. தவறினால் 26 மில்லிவிநாடி. கேட்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் நொண்டுவது தெரியும்.

வழக்கமான ஒட்டு 45 பாகைச் சாய்வில் வெட்டுவது. கால் அங்குல நாடாவில் அந்தச் சாய்வு ஒரு சத்தத்திலிருந்து மறு சத்தத்துக்கு மாற சுமார் 17 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். பாட்டுகளை ஒட்ட அது நல்லது, மெதுவாகக் கலக்கும். கல்லா மணி போன்ற கூரான சத்தத்துக்கு அது முனையை மழுக்கிவிடும். நேர்வெட்டுப் போட்டால் கூர்மை நிற்கும், ஆனால் ஒட்டில் “க்ளிக்” வரலாம். துண்டின் தொடக்கத்தில் ஏற்கனவே சத்தம் வெடிப்பதால் அந்த க்ளிக் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

சத்தங்கள் எவை என்றால்: குலுங்கும் சில்லறை, கிழிபடும் காகிதம், கல்லாப்பெட்டி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் சுவிட்ச் ஒன்றின் கடகட. வாட்டர்ஸ் முதலில் வீட்டில் செய்த லூப்புக்குச் சில்லறையை எறிந்தது அவருடைய மனைவி மண்பாண்டத்துக்குக் களிமண் பிசையும் பெரிய கிண்ணத்தில். ஆபி ரோடில் அதே யோசனையை மறுபடி பதிந்தார்கள். நான்கு ஸ்பீக்கரிலும் சத்தங்கள் சுற்றி வர வேண்டும் என்ற திட்டம் இருந்ததால் பழையது போதவில்லை.

எண்ணத் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் “தகிட தகதிமி” சொல்லிக்கொண்டே கேளுங்கள், பாஸ் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் பாஸ் கிடார் வரி) உடனே வசப்படும். இரண்டாவது தட்டு மட்டும் இரண்டாகப் பிளக்கும், மற்றவை ஒவ்வொரு ஸ்வரம். கிடார் சோலோவில் 4/4க்கு மாறிவிடும். சாக்ஸபோன் சோலோவை டிக் பாரி 7இலேயே வாசித்துவிட்டார், பாவம்.

கொக்குவிலான்:
மிஸ்ரசாப்பு, நல்ல விளக்கம். எனக்கு ஒரு சந்தேகம். ரீல் இல்லாமல் லூப்பை மைக் ஸ்டாண்டைச் சுத்தி ஓடவிட்டவையாம். அப்ப சுருதி ஆடாதோ? இழுவை எப்பிடி ஒரே சீராய் நிக்கும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மிஸ்ரசாப்பு:
ஆடும். அதனால்தான் ஸ்டாண்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். சாதாரணமாக இரண்டு பக்க ரீல் மோட்டார்களும் எதிரெதிராக இழுப்பதால் நாடா ஹெட்டில் படிந்து நிற்கும். லூப்பில் அந்த இழுவை இல்லை. கேப்ஸ்டன் என்ற சுழலும் தண்டும், நாடாவை அதன்மேல் அழுத்தும் பிஞ்ச் ரோலரும் மட்டும்தான் ஓட்டுகின்றன. தளர்ந்தால் நாடா ஹெட்டைவிட்டு விலகி உச்ச ஒலிகள் மங்கும். இறுக்கினால் வேகம் குறைந்து சுருதி இறங்கும், கூடவே நாடா நீளும். ஸ்டாண்டின் தண்டு வழவழப்பாக இருக்க வேண்டும், நாடா கேப்ஸ்டன் உயரத்திலேயே திரும்ப வேண்டும். உயரம் மாறினால் நாடா மேலும் கீழும் ஏறி இறங்கி ஓரம் மடங்கும்.

ஒட்டுவதற்கு, ஒலிநாடாவை ஒட்டவென்றே செய்த ஸ்ப்ளைசிங் டேப்பே வேண்டும். செல்லோ டேப்பில் பசை ஓரமாகக் கசியும், ஹெட்டில் அப்பும், பத்து சுற்றில் லூப் திக்க ஆரம்பிக்கும்.

இன்னொன்று. கணினியில் இந்த லூப்பைச் செய்து முழுப் பாட்டின் மேல் ஓட்டிப் பார்க்கிறவர்கள் “பொருந்தவில்லை” என்கிறார்கள். பொருந்தாது. லூப்போடு சேர்ந்து குழு தொடங்கியது, பிறகு லூப்பை மங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு டிரம்ஸ்காரர் நிக் மேசன் தன் போக்கில் வாசிக்கிறார், வேகம் ஏறும்.

குமிழ்திருகி:
ஒலிநாடா சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். ‘ஆன் த ரன்’ என்ன ஆயிற்று? மேடையில் அது ‘த டிராவல் சீக்வென்ஸ்’, கிடாரும் கீபோர்டும் சேர்ந்து மனம்போன போக்கில் வாசிக்கும் சுமாரான இடம். ரெயின்போ பதிவைக் கேட்டால் யாரும் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் இன்று நாம் கேட்பது இ.எம்.எஸ். சிந்தி ஏ.கே.எஸ். என்ற சிந்தசைசர் பெட்டி ஸ்டூடியோவுக்குள் வந்த பிறகு பிறந்தது.

அந்தப் பெட்டியின் மூடியில் தொடு விசைப்பலகையும் ஸ்வர வரிசையை நினைவில் வைத்துத் தானே வாசிக்கும், 256 படி நினைவகம் கொண்ட சீக்வென்ஸரும் இருக்கும். கிடார்காரர் டேவிட் கில்மோர் முதலில் ஒரு வரிசை போட்டுப் பார்த்தார், வாட்டர்ஸ் அதை மாற்றி எட்டு ஸ்வரமாக அமைத்தார்: இ, ஜி, ஏ, ஜி, டி, சி, டி, இ. மெதுவாக வாசித்துப் பதிந்து, கடிகாரக் குமிழைத் திருகி வேகத்தை ஏற்றியது. நிமிடத்துக்கு சுமார் 165 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம். ஒரு ஸ்வரத்துக்கு 90 மில்லிவிநாடி. அவ்வளவு வேகத்தில் தனித்தனி ஸ்வரமாகக் காதில் விழாது, ஓட்டமாகவே விழும்.

மற்றதெல்லாம் கை வேலை. உச்ச ஒலிகளை வெட்டும் ஃபில்டரின் கட்-ஆஃப் குமிழைத் திருகினால் சத்தம் திறந்து மூடும். ரெசொனன்ஸை ஏற்றினால் விசிலடிக்கும். ஹை-ஹாட் மாதிரி கேட்பது ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலை எழுப்பும் நாய்ஸ் ஜெனரேட்டர். மென்பொருளில் இதைப் போலி செய்கிறவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, ஃபில்டரை எல்.எஃப்.ஓ. என்ற தானியங்கி மெது அலையை வைத்து ஒரே சீராக ஆட்டுவது. அசலில் மனிதக் கை ஆட்டியது, எங்கே திறக்கும் என்று ஊகிக்க முடியாது. இரண்டு, ஆஸிலேட்டர்களை (ஸ்வரத்தை எழுப்பும் மின்சுற்றுகள்) துல்லியமாகச் சுருதி சேர்ப்பது. இ.எம்.எஸ். ஆஸிலேட்டர்கள் சூட்டுக்குச் சூடு நழுவும். இரண்டு ஆஸிலேட்டரை ஒரு சில சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலக்கி வைத்தால்தான் அந்த அரிப்பு வரும்.

ஓடும் காலடிச் சத்தம் உதவிப் பொறியாளர் பீட்டர் ஜேம்ஸுடையது. மூச்சிரைக்க ஓடவிட்டிருக்கிறார்கள்.

ஒலிநாடா:
‘ஆன் த ரன்’ உங்களுக்கு. ஆனால் அந்த இடத்தில் “பயணப் பதற்றம்” என்ற ஒரு பகுதி வேண்டும் என்பதும், அது எத்தனை நிமிடம் தாங்கும் என்பதும் மேடை சொல்லிக்கொடுத்தது. பெட்டி வந்ததும் ஏற்கனவே தயாராக இருந்த ஓட்டையை அது அடைத்தது.

‘அஸ் அண்ட் தெம்’ இன்னும் பழையது. கீபோர்டுகாரர் ரிச்சர்ட் ரைட் அந்தப் பியானோ அமைப்பை அன்டோனியோனியின் ‘ஸாப்ரிஸ்கி பாயிண்ட்’ படத்துக்காகச் செய்தார். இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். மூன்று வருடம் கிடப்பில் கிடந்தது. அதில் “அஸ்… அஸ்… அஸ்” என்று குரல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். டேப் எக்கோவில் தாமதம் என்பது ரெக்கார்ட் ஹெட்டுக்கும் பிளேபேக் ஹெட்டுக்கும் உள்ள தூரத்தை வேகத்தால் வகுப்பதுதான். இரண்டு அங்குல இடைவெளி, 15 அங்குல வேகம் என்றால் 133 மில்லிவிநாடி. வேகத்தைப் பாதியாக்கினால் 267. இந்தப் பாட்டுக்கு அதெல்லாம் போதாது, அதைவிடப் பல மடங்கு வேண்டும். ஒரு சொல் பாடி, அடுத்த சொல்லுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கிற பாட்டு அது. அந்த இடைவெளியை எக்கோ நிரப்புகிறது, வரிகள் குறைவாக இருந்தும் வெறிச்சென்று இல்லை.

வட்டத்தட்டு:
16 ட்ராக் இருந்தும் இடம் போதவில்லை என்கிறார்களே, அது உண்மையா?

ஒலிநாடா:
உண்மை. முதல் 16 ட்ராக் டேப் நிறைந்ததும், டிரம்ஸ் போன்றவற்றை ஸ்டீரியோவாகக் கலந்து இரண்டாவது 16 ட்ராக் டேப்புக்கு நகலெடுத்தார்கள். மிச்ச ட்ராக்குகளில் குரல், சாக்ஸபோன், பேச்சுத் துணுக்கு எல்லாம் ஏறின. விலை என்ன? இப்படி ஒரு நகல் எடுத்தால் டேப் இரைச்சல் சுமார் 3 டெசிபல் ஏறும். டால்பி இரைச்சல் குறைப்பு இருந்ததால் தப்பித்தார்கள். இன்னொரு விலை, டிரம்ஸ் சமநிலை அன்றைக்கே உறைந்துவிடும். எல்லா ட்ராக்கையும் கலக்கும் கடைசி மிக்ஸில் கிக் டிரம்மை மட்டும் தூக்க முடியாது. ஆகவே நகலெடுக்கும் முன்பே ஒவ்வொரு பாட்டும் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் மேடையில் வாசித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் வாதம் இங்கேதான் நிற்கிறது.

குமிழ்திருகி:
அப்படியானால் ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’? மேடையில் அது ‘த மார்ட்டாலிட்டி சீக்வென்ஸ்’. ரைட் ஆர்கன் வாசிக்க, பைபிள் வாசகங்களும் பத்திரிகையாளர் மால்கம் மக்கரிட்ஜின் பேச்சும் டேப்பில் ஓடும். பெண் குரலே கிடையாது. 1973 ஜனவரியில், ஆல்பம் முடியப் போகும் நேரத்தில், பாடகி கிளேர் டோரியைக் கூப்பிட்டார்கள். சொல் இல்லாமல் பாடச் சொன்னார்கள். இரண்டரை டேக். அவற்றிலிருந்து பொறுக்கித் தொடுத்ததுதான் நாம் கேட்பது. மேடை இதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கூலி 30 பவுண்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டை விகிதம். 2004இல் அவர் வழக்குப் போட்டார், 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம். அதன் பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. முப்பது வருடம் தாமதம். மெட்டே அவருடைய தொண்டையில் பிறந்த பிறகு அவரை அமர்த்திய பாடகி என்று மட்டும் சொன்னது அநியாயம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஒலிநாடா:
எனக்கும் இல்லை.

நீலமுக்கோணம்:
பார்சன்ஸ் பங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. ‘டைம்’ தொடக்கத்துக் கடிகாரங்கள் இந்த ஆல்பத்துக்காகப் பதிந்தவையே இல்லை. நாலு ஸ்பீக்கர் ஒலியைக் காட்டுவதற்காக, பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே அவர் பதிந்து வைத்திருந்தார். எல்லாக் கடிகாரமும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு பதிவிலும் மணி அடிக்கும் இடத்தைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, 16 ட்ராக்கில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். டிக்டிக் வேகம் ஒவ்வொன்றும் வேறு. அதனால்தான் முதலில் குழப்பமான டிக்டிக், பிறகு ஒரே சமயத்தில் வெடிப்பு. அதற்குப் பின்னால் வரும் “டக் டக்” கடிகாரம் இல்லை, வாட்டர்ஸ் தன் பாஸ் கிடார் நரம்பை அமுக்கித் தட்டியது. டிரம்ஸ் மாதிரி சுருதியோடு கேட்பது மேசனின் ரோட்டோடாம்கள், சுருதி மாற்றக்கூடிய சின்ன டிரம்கள்.

இதயத் துடிப்பும் அப்படித்தான். மருத்துவப் பதிவு கிடையாது. மேசனின் கிக் டிரம்மை மெத்தென்று அடித்துப் பதப்படுத்தியது.

பார்சன்ஸுக்கு அப்போது வாரச் சம்பளம் 35 பவுண்டு. அடுத்த ஆல்பத்துக்குக் கூப்பிட்டபோது போகவில்லை. தன் சொந்தக் குழுவைத் தொடங்கினார்.

மிஸ்ரசாப்பு:
மிக்ஸ் தகராறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்டர்ஸும் மேசனும் எக்கோ குறைந்த, பேச்சுத் துணுக்குகள் முன்னால் நிற்கிற மிக்ஸ் கேட்டார்கள். கில்மோரும் ரைட்டும் எக்கோ ததும்பும், பேச்சு அடங்கிய மிக்ஸ் கேட்டார்கள். நடுவராகத் தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ் வந்தார். தட்டில் இரண்டும் இருக்கிறது. ‘மணி’ சோலோவின் நடுப்பகுதியைக் கேளுங்கள்: சுற்றி எல்லாம் சட்டென்று வறண்டு, குழு ஒரு சின்ன அறைக்குள் சுருங்கிவிடும். மூன்றாவது சுற்றில் மறுபடி விரியும். மேலே போகும் உச்ச ஸ்வரங்களுக்குக் கில்மோர் 24 ஃப்ரெட் (கிடார் கழுத்தின் குறுக்குக் கம்பி) கொண்ட லூயிஸ் கிடாரை எடுத்தார். அவருடைய வழக்கமான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் அந்த ஃப்ரெட்டே கிடையாது.

பேச்சுத் துணுக்குகளுக்கு வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்வி எழுதி வைத்தார். “கடைசியாக எப்போது அடிதடியில் இறங்கினாய்?”, “உன் பக்கம் நியாயம் இருந்ததா?” என்ற வரிசை. அட்டையைப் படித்தவர் யோசிக்காமல் மைக்கில் பதில் சொல்ல வேண்டும். பால் மெக்கார்ட்னியும் லிண்டாவும்கூடச் சொன்னார்கள். ரொம்ப ஜாக்கிரதையாகப் பேசியதால் தட்டில் வரவில்லை. கடைசி வாக்கியம் ஆபி ரோடு வாயில்காவலர் ஜெரி ஓ’டிரிஸ்காலுடையது. மெக்கார்ட்னியை வெட்டி வாயில்காவலரை வைத்தார்கள் பாருங்கள், இந்த ஆல்பத்தின் மிகச் சரியான எடிட்டிங் அதுதான்.

கொக்குவிலான்:
அமெரிக்காவில இது 14 வருஷம் இடைவிடாமல் சார்ட்டில நிண்டது எண்டு கனபேர் எழுதுகினம். சரியோ?

நீலமுக்கோணம்:
பாதி சரி. 1973க்கும் 1988க்கும் நடுவில் அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200இல் மொத்தம் 741 வாரம். நடுவில் விழுந்து எழுந்திருக்கிறது. முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். பிரிட்டனில் 2ஆம் இடத்தைத் தாண்டவே இல்லை. பிறகு பழைய ஆல்பங்களைத் தனிப் பட்டியலுக்குத் தள்ளினார்கள். 2009 கடைசியில் விதியை மாற்றியதும் மறுபடி 200க்குள் வரத் தொடங்கியது.

அமெரிக்க வெற்றிக்குப் பின்னால் இருந்தவர் கேபிடல் இசைத்தட்டு நிறுவனத்தின் அன்றைய தலைவர் பாஸ்கர் மேனன், திருவனந்தபுரத்துக்காரர், இந்திய கிராமஃபோன் கம்பெனியிலிருந்து மேலே போனவர். அதுவரை அந்த நாட்டில் ஃபிளாய்டுக்குப் பெரிய விற்பனை இல்லை. குழு வேறு நிறுவனத்துக்குப் போக முடிவெடுத்திருந்த நேரத்தில் இந்த ஆல்பத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு தள்ளினார். ‘மணி’ அமெரிக்காவில் சிங்கிளாக வந்து 13ஆம் இடம் பிடித்தது.

வட்டத்தட்டு, வாங்கும் விஷயம். பிரிட்டிஷ் முதல் அச்சு ஹார்வெஸ்ட் நிறுவனத் தட்டு, பட்டியல் எண் எஸ்.ஹெச்.வி.எல். 804. லேபிளில் இருக்கும் முக்கோணம் முழுதாக நீலம் நிரம்பியிருக்கும். பின்னால் வந்தவற்றில் வெறும் கோடு. ஓடுபள்ளத்தில் (பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி இருக்கும் வெற்றுப் பகுதி) ஏ2, பி2 என்ற எண் பாருங்கள். உள்ளே இரண்டு போஸ்டர், இரண்டு பிரமிட் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். விற்கிறவர்கள் பிற்கால அச்சின் போஸ்டரைச் சொருகி “முழுமையானது” என்று விலை ஏற்றுவதுண்டு. இந்த ஆல்பத்தில் அமைதியான இடங்கள் அதிகம், ‘ஸ்பீக் டு மீ’ தொடக்கமும் ‘எக்லிப்ஸ்’ முடிவும் வெறும் இதயத் துடிப்பு. தேய்ந்த தட்டில் அங்கே படபடப்பு மட்டும்தான் கேட்கும். ஆகவே வாங்குமுன் அந்த இரண்டு இடத்தையும் ஓட்டிக் கேளுங்கள், ‘மணி’யை வைத்து முடிவு செய்யாதீர்கள். சேகரிப்பு ஆசை இல்லை என்றால் புதிய அச்சே போதும். கேட்கத்தானே?

2003 எஸ்.ஏ.சி.டி.யில் (உயர்தரக் குறுந்தட்டு) பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி 5.1, அதாவது ஆறு சேனல் சூழொலி, கலந்தபோது முடிந்த இடங்களில் முதல் தலைமுறை டேப்புக்கே போனார். ஒலிநாடா சொன்ன நகல் இழப்பு அங்கே குறைவு. 2011இல் வந்த ‘இம்மர்ஷன்’ தொகுப்புப் பெட்டியில் பார்சன்ஸின் நாலு சேனல் மிக்ஸும் டோரி பாடாத 1972 மிக்ஸும் இருக்கின்றன. உங்கள் இருவர் சண்டையைத் தீர்க்க அந்த 1972 மிக்ஸைக் கேட்டாலே போதும்.

குமிழ்திருகி:
கேட்டேன். எல்லாப் பாட்டும் இருக்கிறது, ஆனால் இந்த ஆல்பம் இல்லை. என் பக்கம்தான் பேசுகிறது அது.

ஒலிநாடா:
எல்லாப் பாட்டும் இருக்கிறது என்கிறீர்கள் அல்லவா, அது போதும் எனக்கு. வாட்டர்ஸ் 2023இல் தனியாகப் போட்ட மறுபதிவைப் பாருங்கள். கிடார் சோலோவை எடுத்துவிட்டு மெதுவாகப் பேசியிருக்கிறார். அதிலும் எலும்புக்கூடு நிற்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு.

வட்டத்தட்டு:
கடைசியாக ஒன்று. 1973 குவாட்ரஃபோனிக் (நாலு சேனல்) தட்டு ஒன்று விலைக்கு வருகிறது. சாதாரண டர்ன்டேபிளில் ஓட்டலாமா? தனி ஊசி வேண்டும் என்கிறார்கள்.

நீலமுக்கோணம்:
ஓட்டலாம். பிரிட்டிஷ் குவாட் தட்டு எஸ்.க்யூ. முறையில் வந்தது. நாலு சேனலையும் இரண்டுக்குள் மடித்து வெட்டியது. சாதாரண ஊசியே போதும். மறுபடி நாலாகப் பிரிக்கும் டீகோடர் இல்லாவிட்டால் ஸ்டீரியோவாகக் கேட்கும், கொஞ்சம் பரந்து, சில இடத்தில் குரல் பின்வாங்கி. தனி ஊசி தேவைப்படுவது சி.டி.-4 முறைக்கு, அதில் 30 கிலோஹெர்ட்ஸ் சுற்றி, பின் சேனல்களைச் சுமக்கும் காதுக்கு எட்டாத ஒரு கேரியர் அலை இருக்கிறது, அதை எட்ட ஷிபாட்டா என்ற தனி வடிவ ஊசி வேண்டும். இந்தத் தட்டுக்கு அது தேவையில்லை. டீகோடர் வாங்குவதாக இருந்தால் சேனல் கசிவை அடக்கும் லாஜிக் சர்க்யூட் உள்ளதாகப் பாருங்கள். அடிப்படை எஸ்.க்யூ. டீகோடரில் முன்னால் உள்ளது பின்னாலும் கசியும், ‘மணி’ லூப் மூலைக்கு மூலை நடப்பது தெரியாது.